எரிக் சாத்தியின் ஆரம்பகாலப் பியானோ இசை: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பிரெஞ்சு இசையமைப்பாளர் எரிக் சாத்தி 1880களின் நடுவிலிருந்து 1890கள் வரை பியானோவுக்கு எழுதிய சின்னச் சின்ன உருப்படிகளைப் பற்றிய பக்கம் இது. பியானோ கற்பவர்கள் கேட்பதும், வெறுமனே கேட்டு ரசிப்பவர்கள் கேட்பதும் கலந்தே இருக்கும். மெட்டைப் பற்றிய கேள்விகளுக்குத்தான் நீளமான பதில்கள். வாழ்க்கை வரலாறு, தேவைப்படும் அளவுக்கு மட்டும்.

சாத்தி யார்? சுருக்கமாகச் சொல்ல முடியுமா?

1866இல் நார்மண்டி கடற்கரையிலுள்ள ஒன்ஃப்ளர் என்ற துறைமுக ஊரில் பிறந்தவர். ஆறு வயதில் தாயை இழந்து, தாத்தா பாட்டியிடம் வளர்ந்தார். அந்த ஊர்த் தேவாலயத்தின் ஆர்கன் வாசிப்பாளர் வினோ என்பவர்தான் முதல் ஆசிரியர். கத்தோலிக்கத் திருச்சபையின் பழைய லத்தீன் வழிபாட்டுப் பாட்டான கிரிகோரியன் பாடலைச் சிறுவனுக்கு அறிமுகப்படுத்தியவரும் அவர்தான். இதை நினைவில் வையுங்கள், கீழே தேவைப்படும்.

அப்புறம் 1879இல் பாரிஸ் கன்சர்வத்வார் என்ற இசைக் கல்லூரி. அங்கே நல்ல பெயர் கிடைக்கவில்லை. இங்கேயே பெரிய சோம்பேறி இவன்தான் என்று ஓர் ஆசிரியர் எழுதி வைத்தார். வெளியே அனுப்பப்பட்டு, மறுபடி சேர்ந்து, அதையும் விட்டுவிட்டு ராணுவத்துக்குப் போனார். குளிர்கால இரவில் சட்டையில்லாமல் வெளியே நின்று மார்ச்சளியை வரவழைத்துக்கொண்டு அங்கிருந்தும் தப்பித்து வந்தார். பிறகு பாரிஸின் மொன்மார்த்தர் பகுதியில் ‘கறுப்புப் பூனை’ என்ற புகழ்பெற்ற கேளிக்கை விடுதியில் பியானோ வாசித்தார். 1925இல் இறந்தார்.

ஆரம்பகால உருப்படிகள் என்றால் எவை?

முக்கியமானவை நான்கு தொகுதிகள். 1886இல் நான்கு ஓஜீவ்கள், 1887 செப்டம்பரில் மூன்று சராபாந்துகள், 1888இல் மூன்று ஜிம்னோபெடிகள், 1889இலிருந்து நோசியென்கள். ஜிம்னோபெடி எழுதியபோது அவருக்கு வயது 21. அதற்கு முன்பே 1884இல் ‘அலெக்ரோ’ என்று சில நொடிகளில் முடிந்துவிடும் ஒரு துணுக்கும், அடுத்த வருடம் இரண்டு வால்ட்ஸ்களும் எழுதியிருக்கிறார். வால்ட்ஸ்களைக் கேட்காவிட்டாலும் பெரிய நஷ்டமில்லை.

எழுதிய வரிசையும் அச்சான வரிசையும் வேறு என்பதையும் கவனியுங்கள். சராபாந்துகள் 1911 வரை அச்சேறவில்லை. ஜிம்னோபெடியில் முதலும் மூன்றும் 1888லேயே வந்துவிட்டன. இரண்டாவது 1895 வரை காத்திருந்தது.

அவருடைய மெட்டில் அப்படி என்ன தனித்தன்மை?

அந்தக் காலத்துப் பாரிஸ் பியானோ இசையில் மெட்டு என்பது புறப்பட்டுப் போகிற ஒன்று. ஒரு கருப்பொருள் வரும், வளரும், பிரியும், உச்சத்துக்கு ஏறும், கடைசியில் வெற்றியோடு வீடு திரும்பும். ஜெர்மானிய மரபும், ஓபரா இசையமைப்பாளர் வாக்னர் மீதிருந்த மோகமும் அதைத்தான் சொல்லிக் கொடுத்தன. சாத்தியின் மெட்டு எங்கும் போவதில்லை. ஒரு வரியைச் சொல்கிறது, நிறுத்துகிறது, கிட்டத்தட்ட அதே வரியை மறுபடி சொல்கிறது. வளர்ச்சியும் கிடையாது, உச்சமும் கிடையாது.

இது எங்கிருந்து வந்தது என்றால், என் கணிப்பில் பெரும்பகுதி வினோவின் கிரிகோரியன் பாடத்திலிருந்துதான். அந்த வழிபாட்டுப் பாட்டில் ஒற்றை வரிசைக் குரல், அருகருகே உள்ள ஸ்வரங்களில் நடை, மூச்சு முடியும் இடத்தில் வரி முடிவு, தாளத்தின் வற்புறுத்தல் இல்லாமை எல்லாம் உண்டு. மேற்கத்திய இசையின் வழக்கமான ஸ்வர அமைப்புகளான மேஜர், மைனர் என்ற இரண்டு பெட்டிக்குள் அடங்காத பழைய தேவாலய ஸ்வர முறைகளும் உண்டு. சாத்தி இவற்றை அப்படியே பியானோவின் வலது கைக்குக் கொண்டுவந்தார்.

அதனால் அவர் மெட்டை ஹம் பண்ணுவது சுலபம். கோர்ட் (சேர்ந்து ஒலிக்கும் பல ஸ்வரங்கள்) எதுவும் இல்லாமல் வெறும் மேல்வரியை மட்டும் வாசித்தாலும் அது முழுமையாக நிற்கும். ஷோப்பானின் பல உருப்படிகளில் இடது கையை எடுத்துவிட்டால் பாதி உயிர் போய்விடும், இங்கே அப்படி இல்லை. பின்னாளில் ஒரு குறிப்பேட்டில் அவரே எழுதி வைத்தார்: மெட்டுதான் கருத்து, அதுதான் படைப்பின் வடிவமும் பொருளும், ஹார்மனி (உடன் ஒலிக்கும் கோர்டுகள்) அதன்மேல் விழும் வெளிச்சம் மட்டுமே என்று. இருபது வயதில் எழுதியவற்றுக்கே இது அளவெடுத்துத் தைத்தது போல் பொருந்துகிறது.

ஜிம்னோபெடி எண் 1 தொடக்கத்தில் என்ன நடக்கிறது? ஏன் அப்படி மிதக்கிறது?

முதல் நான்கு பார்களில் (தாளத்தின் ஒரு சுற்று ஒரு பார்) மெட்டே கிடையாது. இடது கை மட்டும். மூன்று எண்ணிக்கையில் முதலாவதற்குக் கீழே ஒரு ஆழமான ஸ்வரம், இரண்டாவதற்கு நடுவில் ஒரு கோர்ட். ஜி மேஜர் செவன்த், டி மேஜர் செவன்த், மறுபடி ஜி, மறுபடி டி. ஊஞ்சல் மாதிரி இரண்டு பக்கமும் போய்வருவதைத் தவிர வேறு வேலை இல்லை.

அடி ஸ்வரத்திலிருந்து ஏழாவது ஸ்வரமும் சேர்ந்த செவன்த் கோர்டில் ஒரு உறுத்தல் இருக்கும். பாடப்புத்தகப்படி அது அடுத்த கோர்டில் தணிய வேண்டும். சாத்தி தணிக்காமல் விட்டுவிடுகிறார். உறுத்தல் மேல் உறுத்தலாக வைத்தும் காது கோபப்படுவதில்லை, கொஞ்ச நேரத்தில் அதுவே சமநிலையாகப் பழகிவிடுகிறது. மிதப்புக்கு முதல் காரணம் இது.

ஐந்தாவது பாரில் மெட்டு நுழைகிறது. அதுவும் முதல் எண்ணிக்கையை விட்டுவிட்டு, இரண்டாவதில். எஃப் ஷார்ப், ஏ. அடுத்து ஜி, எஃப் ஷார்ப், சி ஷார்ப். அடுத்து பி, சி ஷார்ப், டி. பிறகு கீழே ஏ, அது ஒரு பார் முழுக்க நிற்கிறது. கடைசியில் இன்னும் கீழே எஃப் ஷார்ப், நான்கு பார்களுக்கு நீள்கிறது. எல்லாம் ஒரே நீளமுள்ள கிராச்செட்கள் (ஒரு எண்ணிக்கை நிற்கும் ஸ்வரங்கள்), அப்புறம் நீண்ட ஸ்வரங்கள். ஓடுகிற சின்ன ஸ்வரம் ஒன்றுகூட இந்த உருப்படியில் இல்லை.

அந்தக் கடைசி எஃப் ஷார்ப்பை உற்றுப் பாருங்கள். இடது கை வாசிக்கும் இரண்டு கோர்டுகளிலும் மேலே இருப்பது அதே ஸ்வரம்தான். மெட்டு மேலிருந்து இறங்கி வந்து, ஏற்கெனவே ஆடிக்கொண்டிருந்த கோர்டுக்குள் கரைந்துவிடுகிறது. மெட்டு முடிந்த இடம் எது, துணைவாசிப்பு தொடங்கிய இடம் எது என்று பிரித்துச் சொல்ல முடியாது. இருபத்தோரு வயதுச் ‘சோம்பேறி’ செய்த வேலை இது.

முடிவில் ஏன் திடீரென்று சோகம் கூடுகிறது?

உருப்படி இரண்டு பாதிகளாக அமைந்தது. இரண்டாம் பாதி கிட்டத்தட்ட முதல் பாதியேதான். முதல் பாதி டி மேஜரில் முடிகிறது. இரண்டாம் பாதியின் கடைசிச் சில பார்களில் எஃப் ஷார்ப்புக்குப் பதில் சாதா எஃப் வருகிறது, டி மைனரில் முடிகிறது. மாற்றம் அவ்வளவுதான். அதுவரை அதிகம் எதையும் மாற்றாமல் இருந்ததால் இந்தச் சின்ன மாற்றமே பெரிதாகப்படுகிறது.

மூன்று ஜிம்னோபெடிகளும் ஒரே மாதிரி கேட்கின்றனவே?

ஆமாம், வேண்டுமென்றேதான். மூன்றும் மெதுவான மூன்று எண்ணிக்கை, மூன்றிலும் அதே இடது கை அமைப்பு. முதலாவதற்கு ‘மெதுவாக, வலியோடு’ என்றும், இரண்டாவதற்கு ‘மெதுவாக, சோகமாக’ என்றும், மூன்றாவதற்கு ‘மெதுவாக, கனமாக’ என்றும் எழுதியிருக்கிறார். ஒரே பொருளை மூன்று பக்கத்திலிருந்து காட்டுவது அவருக்குப் பிடித்த பழக்கம். சராபாந்தும் மூன்று, முதலில் அச்சான நோசியென்களும் மூன்று.

இரண்டாவதை யாரும் சீண்டுவதில்லை என்பது எனக்கு ஒரு குறை. மூன்றில் மெட்டு அதிகம் தயங்குவது அதில்தான். மூன்றாவது ஏ மைனர் பக்கம் சாய்ந்த, தெளிவான வரி. கிரிகோரியன் வாடை தூக்கலாக இருப்பதும் அதில்தான்.

ஜிம்னோபெடி, நோசியென் என்ற பெயர்கள் எதைக் குறிக்கின்றன?

பழைய ஸ்பார்ட்டாவில் இளைஞர்கள் ஆடிய ஒரு விழாவின் கிரேக்கப் பெயரிலிருந்து வந்தது ஜிம்னோபெடி. இசையை எழுதுவதற்கு முன்பே ‘கறுப்புப் பூனை’ விடுதியில் தன்னை ‘ஜிம்னோபெடிஸ்ட்’ என்று அறிமுகப்படுத்திக்கொண்டார் என்று ஒரு கதை உண்டு. நோசியென் என்பது அவரே உண்டாக்கிய சொல். கிரீட் தீவின் நோஸஸ் அரண்மனையோடு சிலரும், ஞானம் என்று பொருள்படும் கிரேக்கச் சொல்லோடு சிலரும் இணைப்பார்கள். வாசிப்பதற்கு இரண்டுமே உதவாது.

நோசியென்களில் கிழக்கத்திய வாடை எப்படி வந்தது?

1889இல் பாரிஸில் உலகக் கண்காட்சி நடந்தது, ஈஃபில் கோபுரம் எழுந்த அதே கண்காட்சி. அங்கே ஜாவாவின் கேமலான் என்ற தாளவாத்தியக் குழுவும் ருமேனிய நாட்டுப்புற வாத்தியக் குழுக்களும் வாசித்தன. பிரெஞ்சு இசையமைப்பாளர் தெபுஸ்ஸியைக் கேமலான் பிடித்துக்கொண்டது. சாத்தியின் காதில் ருமேனிய இசை தங்கியது என்று பொதுவாகச் சொல்வார்கள். அவர் கைப்பட 1889 ஜூலை தேதியிட்ட ஒரு நோசியென் இருக்கிறது, இப்போது ஐந்தாவது என்று அழைக்கப்படுவது.

வாடைக்குக் காரணம் இரண்டு விஷயங்கள். ஒன்று, மெட்டில் ஸ்வரத்துக்கு முன்னால் ஒட்டிக்கொண்டு வரும் நொறுக்கு ஸ்வரங்கள், வயலின்காரர் சறுக்கிப் பிடிப்பதை நினைவூட்டுபவை. இரண்டு, இடைவெளி. மூன்றாவது நோசியெனில் ஏ மைனரின் நான்காவது ஸ்வரத்தை உயர்த்தியிருக்கிறார். அதனால் சி-க்கும் டி ஷார்ப்புக்கும் நடுவே ஒரு அகலமான தாவல் விழுகிறது. ஏ, பி, சி, டி ஷார்ப், ஈ என்று அடுத்தடுத்து வாசித்துப் பாருங்கள், உடனே புரியும். கர்னாடக சங்கீதம் பழகியவர்கள் இதைக் கேட்டதும் சிம்மேந்திரமத்யமம் அல்லது ஷண்முகப்ரியா என்பார்கள். முதல் ஐந்து ஸ்வரங்களின் இடைவெளி ஒன்றாக இருப்பதால் அப்படித் தோன்றுகிறது. சாத்திக்கும் அந்த ராகங்களுக்கும் தொடர்பு எதுவும் இல்லை.

இடது கை மட்டும் இங்கேயும் அசையாமல் கிடக்கிறது. முதல் நோசியெனில் பெரும்பாலும் எஃப் மைனரும் பி ஃபிளாட் மைனரும்தான். தரை நிலையாக இருப்பதால்தான் மேலே மெட்டு இஷ்டத்துக்கு வளைய முடிகிறது.

பார் கோடு இல்லாமல் எப்படி எண்ணுவது?

முதல் மூன்று நோசியென்களில் பார் கோடும் இல்லை, தாளக் குறியும் இல்லை. பயப்பட வேண்டாம். இடது கையைப் பாருங்கள், நான்கு எண்ணிக்கைக்கு ஒரு முறை பாஸ் ஸ்வரம் ஒழுங்காக வந்துகொண்டே இருக்கும். முதலில் பென்சிலால் அங்கங்கே லேசாகக் கோடு போட்டுப் பழகலாம். கைக்கு வந்ததும் அழித்துவிடுங்கள். கோடு கண்ணில் பட்டுக்கொண்டே இருந்தால் ஒவ்வொரு முதல் எண்ணிக்கையிலும் விரல் தானாக அழுத்தும். அதைத் தவிர்க்கத்தான் அவர் கோட்டையே எடுத்தார்.

‘நாக்கின் மேல்’ என்று எழுதியிருக்கிறதே, அதை எப்படி வாசிப்பது?

இத்தாலிய மொழியில் மெதுவாக, வேகமாக, மெல்லக் கூட்டி என்று எழுதுவதுதான் வழக்கம். சாத்தி நோசியென்களில் பிரெஞ்சில் வேறு மாதிரி எழுதினார். ‘கேள்வி கேளுங்கள்’, ‘சிந்தனையின் நுனியால்’, ‘வெளியே போகாதீர்கள்’, ‘கர்வமில்லாமல்’, ‘தலையைத் திறங்கள்’, ‘ஒலியைப் புதைத்துவிடுங்கள்’.

கேலி என்று ஒதுக்குபவர்கள் உண்டு. எனக்கு அப்படித் தோன்றவில்லை. இதே மெட்டு வரி திரும்பத் திரும்ப வருகிறது, ஸ்வரத்தில் மாற்றமில்லை. வாசிப்பவர் மனசில் ஏதாவது மாறினால்தான் தொடுகை மாறும். ‘பியானிஸ்ஸிமோ’ (மிக மெல்லிய ஒலியில்) என்றால் விரல் மட்டும் கேட்கும், ‘ஒலியைப் புதைத்துவிடுங்கள்’ என்றால் ஆள் முழுக்கக் கேட்பார். ஒன்று மட்டும் செய்யாதீர்கள்: மேடையில் இவற்றைச் சத்தமாக வாசித்துக் காட்டுவது. இவை வாசிப்பவருக்கும் தாளுக்கும் இடையிலான சங்கதி.

ஓஜீவ், சராபாந்த் எல்லாம் கேட்கத்தான் வேண்டுமா?

சராபாந்தைக் கண்டிப்பாகக் கேளுங்கள். சாத்தியின் ஹார்மனித் துணிச்சல் முதலில் வெளிப்பட்ட இடம் அது. ஒன்பதாம் ஸ்வரம் வரை அடுக்கிய கோர்டுகளை எங்கும் தணிக்காமல் ஒன்றன்பின் ஒன்றாக நகர்த்துகிறார். அந்த வருடம் மேடையேறிய பிரெஞ்சு இசையமைப்பாளர் ஷப்ரியேயின் ஒரு ஓபரா அவரைக் கவர்ந்தது என்பது தெரிந்த செய்திதான்.

ஓஜீவ் என்பது கோதிக் தேவாலயங்களின் கூர்முனை வளைவு. ஒரு வழிபாட்டு வரி முதலில் தனியாக வரும், பிறகு அதே வரி முழுக் கோர்டுகளில் பெரும் சத்தமாக, பிறகு மெல்லிய ஒலியில், மறுபடி சத்தமாக. நான்கு உருப்படிகளிலும் இதே ஏற்பாடு. ஒன்று கேட்டால் போதும் என்று சொன்னால் சாத்தி ரசிகர்கள் கோபித்துக்கொள்வார்கள், ஆனாலும் உண்மை அதுதான். கிரிகோரியன் பாட்டு எப்படிப் பியானோவுக்கு வந்தது என்பதைப் பச்சையாகக் காட்டுகிறது, அந்த வகையில் முக்கியம்.

தெபுஸ்ஸிக்கும் ராவெலுக்கும் இதில் என்ன பங்கு?

சாத்தியும் தெபுஸ்ஸியும் நெருங்கிய நண்பர்கள். 1892 அக்டோபரில் தன் பாடல் தொகுப்பு ஒன்றைக் கொடுத்தபோது, இந்த நூற்றாண்டுக்குள் வழிதவறி வந்த மென்மையான இடைக்கால இசைஞன் என்று தெபுஸ்ஸி எழுதிக் கையெழுத்திட்டார். இதைவிடச் சரியான விமர்சனம் அப்புறம் வந்ததாகத் தெரியவில்லை.

பிறகு முதல், மூன்றாம் ஜிம்னோபெடிகளை ஆர்கெஸ்ட்ராவுக்கு அமைத்தார் தெபுஸ்ஸி. 1897இல் குஸ்தாவ் தோரே நடத்த அவை அரங்கேறின. குழப்பம் என்னவென்றால் வரிசையை மாற்றிவிட்டார்: ஆர்கெஸ்ட்ராவில் முதலாவதாக வருவது பியானோவின் மூன்றாவது. வேறொருவர் படைப்பைத் தெபுஸ்ஸி ஆர்கெஸ்ட்ராவுக்கு அமைத்தது அபூர்வம், ஆகவே இது பெரிய மரியாதை. ஆனால் என் காதுக்குக் கொஞ்சம் அதிகப்படியாகவே இருக்கிறது. வயலின்கள் நீட்டிப் பாட ஆரம்பித்ததும் அந்த வெறுமை போய்விடுகிறது.

1911 ஜனவரியில் இசையமைப்பாளர் ராவெல் பாரிஸில் ஒரு கச்சேரியில் சாத்தியின் பழைய உருப்படிகளை வாசித்தார். அதில் இரண்டாவது சராபாந்தும் மூன்றாவது ஜிம்னோபெடியும் உண்டு. இருபது வருடங்களுக்கு மேலாகக் கிடந்த இசை அப்போதுதான் முன்னோடி என்ற பெயரைப் பெற்றது. அதற்குள் சாத்தி நாற்பது வயதுக்கு அருகில் ஸ்கோலா கந்தோரும் என்ற பள்ளியில் சேர்ந்து கவுண்டர்பாயிண்ட் (பல மெட்டுகளை ஒரே நேரத்தில் பின்னும் கலை) படித்து முடித்துவிட்டார். ஊர் கொண்டாடியது அவர் எப்போதோ விட்டுவந்த பாணியை.

இது வெறும் பின்னணி இசைதானே?

ஓட்டல் லாபியிலும் தியான செயலிகளிலும் ஜிம்னோபெடி ஓடுவதால் வரும் கேள்வி. ‘அறைகலன் இசை’ என்று, யாரும் கவனிக்கக் கூடாத இசையைச் சாத்தி எழுதியது உண்மை. ஆனால் அது 1917க்கும் அதற்குப் பின்னரும். அந்தப் பெயரை 1888க்கு இழுத்துப்போய் ஒட்டுவது தவறு. 1893 வாக்கில் எழுதிய ‘வெக்சாசியோன்’ என்ற ஒரு பக்க உருப்படியை 840 முறை வாசிப்பது பற்றி ஒரு குறிப்பும் எழுதி வைத்தார். 1963இல் அமெரிக்க இசையமைப்பாளர் ஜான் கேஜ் நியூயார்க்கில் அதை நிஜமாகவே செய்தார். பியானிஸ்ட்கள் முறைவைத்து வாசித்தும் பதினெட்டு மணி நேரத்துக்கு மேல் ஆயிற்று. ஜிம்னோபெடியின் திரும்பச் சொல்லல் அந்த ரகம் அல்ல. சின்ன மாற்றத்தைக் கேட்கச் செய்வதற்காக மற்றதை அசையாமல் வைக்கிறது.

தொடக்க நிலை மாணவர் ஜிம்னோபெடி வாசிக்கலாமா?

நோட்ஸ் படிப்பதில் சிரமமில்லை, இரண்டு வருடம் பழகியவர்கள் தொடங்கலாம். சிரமம் வேறு இடத்தில். இடது கை கீழே பாஸை அடித்து நடுக் கோர்டுக்குத் தாவ வேண்டும், தாவும்போது கோர்ட் டங்கென்று விழும். பாஸுக்கும் கோர்டுக்கும் நடுவே பார்க்காமலே கை போகும் வரை இடது கையைத் தனியாகப் பழகுங்கள். கோர்ட் மெட்டைவிட ஒரு படி கீழேதான் ஒலிக்க வேண்டும்.

பெடலை ஒவ்வொரு பாஸுக்கும் மாற்றுங்கள். ஜி-யும் டி-யும் கலந்தால் சேறாகிவிடும். வேகத்தை அங்கங்கே இழுத்து உருகாதீர்கள். உருகல் ஏற்கெனவே கோர்டில் இருக்கிறது. நீண்ட எஃப் ஷார்ப் நிற்கும்போது அடுத்த வரிக்கு அவசரப்படாமல் நான்கு பாரையும் முழுசாக எண்ணுங்கள். பெரும்பாலானவர்கள் அவசரப்படும் இடம் அதுதான். மெட்டை முதலில் வாயால் பாடிவிட்டு வாசித்தால் மூச்சு எங்கே என்று தானாகத் தெரியும்.

யார் வாசித்ததைக் கேட்கலாம்?

அல்தோ சிக்கோலினி பாதுகாப்பான தேர்வு, மெட்டு தெளிவாக நடக்கும். பாஸ்கல் ரோஜே சற்று வெதுவெதுப்பாக வாசிப்பார். ரைன்பர்ட் டி லேவ் அநியாயத்துக்கு மெதுவாக வாசிப்பவர், முதல் தடவை பொறுமை சோதிக்கப்படும். மூன்று பேரையும் ஒரே உருப்படியில் அடுத்தடுத்துக் கேட்டால் ‘மெதுவாக’ என்ற சொல்லுக்குள் எவ்வளவு இடம் இருக்கிறது என்று தெரியும். நோசியென்களுக்கு டி லேவையே முதலில் சொல்வேன்.

நோட்ஸ் இலவசமாகக் கிடைக்குமா?

சாத்தி இறந்து நூறு வருடமாகிவிட்டது. ஓஜீவ், சராபாந்த், ஜிம்னோபெடி, முதல் மூன்று நோசியென்கள் ஆகியவற்றின் பழைய பதிப்புகள் பொதுவுடைமை இசைத்தாள் தளங்களில் இருக்கின்றன. நான்கு முதல் ஆறு வரையிலான நோசியென்கள் அவர் இறந்து நாற்பது வருடங்களுக்கு மேலான பிறகு, 1968இல்தான் அச்சாயின. அவற்றின் உரிமை நிலையைத் தனியாகப் பார்த்துக்கொள்ளுங்கள். மெட்டு பொதுவுடைமை என்பதற்காக ஒருவருடைய ஒலிப்பதிவை எடுத்து உங்கள் வீடியோவில் போட முடியாது. அந்தப் பதிவுக்கு வேறு உரிமையாளர் இருப்பார். நீங்களே வாசித்துப் போட்டால் பிரச்சினையில்லை.